பதினான்கு இருக்கை வானில் யாரை ஏற்றுவது?

எங்கள் கழகம் வருடத்துக்கு ஒருமுறை திருகோணமலையிலிருந்து வான் பிடித்துக் கொழும்பில் நடக்கும் ஒரு திறந்த மெய்வல்லுநர் போட்டிக்குப் போகும். சாரதியை விட்டால் வானில் பதினான்கு இருக்கை. கோச்சுக்கு ஒன்று, பெண்பிள்ளைகளோடு வரும் ரீச்சருக்கு ஒன்று, மிச்சம் பன்னிரண்டு. பயிற்சிக்கு வருகிறவர்களோ முப்பது பேருக்கு மேல். போன வருடம் பன்னிரண்டு பேரின் பட்டியலை ஒரு புதன்கிழமை இரவு வட்ஸ்அப்பில் போட்டோம். வியாழன் விடிய ஒரு தகப்பன் என் வீட்டு கேற்றடியில் நின்றார். "சேர், என்ட மகன் ஏன் லிஸ்ட்டில இல்ல?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. அவருடைய மகன் நன்றாக ஓடுவான். பட்டியலில் இருந்த மற்றப் பையனும் நன்றாக ஓடுவான். நாங்கள் மூன்று பேர் தேத்தண்ணீர்க் கடையில் இருந்து கதைத்து முடிவெடுத்திருந்தோம். அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

இந்த வருடம் விதியை எழுத்தில் வைக்க வேண்டும் என்று குழு முடிவெடுத்தது, வரைவு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. சரி, ஒலிம்பிக்குக்கும் ஆசிய விளையாட்டு விழாவுக்கும் நாடுகள் எப்படி ஆள் எடுக்கின்றன என்று பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். அவர்களுக்கும் இதே வான் பிரச்சினைதான். ஒலிம்பிக் மெய்வல்லுநரில் ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு நாட்டிலிருந்து அதிகபட்சம் மூன்று பேர், நீச்சலில் இரண்டு பேர். ஆசிய விளையாட்டு விழாவின் மெய்வல்லுநரிலும் இரண்டு பேர். பொதுநலவாய விளையாட்டு விழாவில் நாட்டுக்கு இத்தனை பேர் என்று மொத்தமாக ஒரு எண் தருவார்கள், அதை எந்த விளையாட்டுக்குப் பிரிப்பது என்பது நாட்டின் பாடு. எங்கள் வானுக்குக் கிட்டத்தில் வருவது அந்தக் கடைசி முறைதான்.

மிகச் சுத்தமான முறை அமெரிக்காவுடையது. ஒலிம்பிக் வருடத்தில் ஒரே திறன்காண் போட்டி. இறுதியில் முதல் மூன்று இடம் எடுத்தவர்கள், சர்வதேசத் தகுதியும் கையில் இருந்தால், போவார்கள். நாலாவது ஆள் உலக சம்பியனாக இருந்தாலும் வீட்டில்தான். கேற்றடியில் நிற்கும் தகப்பனுக்குப் பதில் சொல்ல இதைவிட இலகுவான முறை இல்லை: "ஐயா, மகன் நாலாவதா வந்தவன்." அவ்வளவுதான்.

ஆனால் அந்தச் சுத்தத்துக்கு விலை உண்டு. 1992இல் டான் ஓப்ரையன் டெகத்லனில், அதாவது பத்து நிகழ்ச்சிப் புள்ளிகளைக் கூட்டிப் பார்க்கும் போட்டியில், முந்தைய வருட உலக சம்பியன். அவரையும் டேவ் ஜோன்சனையும் வைத்து ஒரு சப்பாத்துக் கம்பனி அமெரிக்கா முழுக்க விளம்பரம் ஓட்டிக்கொண்டிருந்தது. நியூ ஓர்லியன்ஸில் திறன்காண் போட்டி. முன்னணியில் இருந்தவர், கோலூன்றிப் பாய்தலில் சின்ன உயரங்களை எல்லாம் விட்டுவிட்டு 4.80 மீற்றரில் தொடங்கினார். மூன்று முயற்சியும் பிழைத்தது. அந்த நிகழ்ச்சிக்குப் புள்ளி பூச்சியம், பார்சிலோனா போச்சு. அதே வருடம் செப்டெம்பரில் பிரான்ஸில் 8,891 புள்ளி எடுத்து உலக சாதனை வைத்தார். ஒலிம்பிக் தங்கத்துக்கு 1996 அட்லாண்டா வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2024இலும் இதே கதை: டோக்கியோவின் 800 மீற்றர் தங்கக்காரி அதிங் மு, திறன்காண் இறுதியின் முதல் சுற்றிலேயே கால் தடக்கி விழுந்தார். முறையீடு எடுபடவில்லை. பாரிஸில் அந்த ஓட்டம் அவர் இல்லாமலே நடந்தது.

அமெரிக்காவால் இதைத் தாங்க முடியும். ஒருவர் விழுந்தால் அவருக்குப் பின்னால் வருகிற மூவரும் உலகத் தரத்தில் இருப்பார்கள். எங்களிடம் ஈட்டி எறிய ஒரே ஒரு பிள்ளைதான் இருக்கிறாள். அவளுக்கு அன்றைக்குக் காய்ச்சல் என்றால் ஈட்டிக்கு ஆளே இல்லை.

ஜமைக்காவும் திறன்காண் போட்டியையே நம்புகிறது, ஆனால் பின்கதவு ஒன்று வைத்திருக்கிறது. 2016இல் உசைன் போல்ட் கிங்ஸ்டனில் 100 மீற்றர் இறுதிக்கு முன்னால் தொடைத் தசைக் காயத்தோடு விலகினார். மருத்துவக் காரணம் காட்டி விலக்குக் கேட்டார், கொடுத்தார்கள். ஜூலையில் லண்டனில் 200 மீற்றரை 19.89இல் ஓடி உடம்பு சரி என்று காட்டினார். ரியோவில் என்ன நடந்தது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அமெரிக்க விதியில் அந்த வருடம் போல்ட் தொலைக்காட்சியில்தான் ஒலிம்பிக் பார்த்திருப்பார். இந்தக் கதவு எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் அதற்குப் பூட்டும் இருக்கிறது: காயத்துக்கு வைத்தியர் சாட்சி, குணமானதற்கு ஓட்டம் சாட்சி.

பூட்டுமில்லாமல் கதவுமில்லாமல் நடந்த கதை அவுஸ்திரேலியாவுடையது. 2004இல் 400 மீற்றர் பிறீஸ்டைலில் உலக சாதனைக்காரர் இயன் தோர்ப், நாட்டுத் திறன்காண் போட்டியின் தகுதிகாண் சுற்றில் தொடக்கச் சத்தத்துக்கு முன்னமே தடுமாறித் தண்ணீருக்குள் விழுந்தார். தகுதி நீக்கம். இரண்டாவது இடம் எடுத்த கிரெய்க் ஸ்டீவன்ஸ் கடைசியில் தன் இடத்தை விட்டுக்கொடுத்தார், தோர்ப் ஏதென்ஸில் தங்கம் வென்றார். எல்லோரும் நல்ல மனசு என்று பாராட்டினார்கள். எனக்கு அது அவ்வளவு வடிவாகப் படவில்லை. நாடு முழுக்க "விட்டுக்கொடு, விட்டுக்கொடு" என்று பார்த்துக்கொண்டிருக்க, ஒரு பெடியன் என்ன செய்வான்? விதி எழுதாமல் விட்ட முடிவை ஒரு பிள்ளையின் தோளில் ஏற்றிவிட்டார்கள். எங்கள் மைதானத்திலும் இது நடக்கும். "தம்பி, அவன் உன்னவிட மூத்தவன், இந்த முறை விட்டுக்குடன்" என்று சொல்ல ஆள் இருக்கிறது.

ஒருநாள் ஓட்டத்தை நம்பாதவர்கள் கடிகாரத்தை நம்புகிறார்கள். இன்ன காலத்துக்குள் இன்ன நேரத்தை எடுத்தால் தகுதி என்பது அடைவுமட்ட முறை. பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள் 100 மீற்றருக்கு அது 10.00 வினாடி, பெண்கள் 800 மீற்றருக்கு 1 நிமிடம் 59.30 வினாடி. டோக்கியோ ஒலிம்பிக்கிலிருந்து உலக மெய்வல்லுநர் சங்கம் ஏறத்தாழ பாதி இடங்களை அடைவுமட்டத்துக்கும் மீதியைத் தரவரிசைக்கும் என்று பிரித்து வைத்திருக்கிறது. தரவரிசையில் ஒருவரின் நல்ல பெறுபேறுகள் சிலவற்றின் சராசரியைப் பார்ப்பார்கள். எடுத்த நேரத்துக்குப் புள்ளி, எந்தப் போட்டியில் எத்தனையாம் இடம் என்பதற்கும் புள்ளி. எங்கள் நாட்டு 100 மீற்றர் ஓட்டக்காரர் யுபுன் அபேகோன் டோக்கியோவுக்குப் போனது இந்தத் தரவரிசை வழியாகத்தான். அடுத்த வருடம், 2022 ஜூலையில், சுவிற்சர்லாந்தில் 9.96 ஓடி, 10 வினாடிக்குள் ஓடிய முதல் தெற்காசியர் ஆனார்.

காகிதத்தில் இதுதான் நியாயமான முறை. ஒருநாள் காய்ச்சல் ஒருவரின் வருடத்தைக் கெடுக்காது. ஆனால் யுபுன் இத்தாலியில் இருந்து பயிற்சி எடுத்தவர், பெரிய போட்டிகள் ஒரு ரயில் தூரத்தில். பெரிய போட்டிக்குப் போனால்தான் பெரிய புள்ளி, போகக் காசு வேண்டும். எங்கள் பிள்ளைகளில் கொழும்புப் போட்டிகளுக்கு வருடத்தில் நாலு தரம் போகிறவர்கள் இருவர் இருக்கிறார்கள், இரண்டு வீட்டிலும் தகப்பன் வெளிநாட்டில். தரவரிசை வைத்தால் அந்த இருவரும் ஓடாமலே முன்னுக்கு வருவார்கள்.

அப்புறம் கடிகாரம். எங்களிடம் இருப்பது கைக் கடிகாரம், அதாவது ஸ்டொப்வோச். துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்டு விரல் அமுக்குவதற்குள் நேரம் ஓடிவிடும். அதனால்தான் 100, 200 மீற்றரில் கையால் எடுத்த நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிட 0.24 வினாடி கூட்டுகிறார்கள், 400 மீற்றருக்கு 0.14. பதினொன்றரை வினாடியில் ஓடுகிற பையனுக்கு 0.24 என்பது இரண்டு மீற்றருக்குக் கிட்ட. இரண்டு மீற்றர் என்பது எங்கள் ஊரில் முதலாம் இடத்துக்கும் நாலாம் இடத்துக்கும் உள்ள தூரம். ஒருவர் சட்டென அமுக்குவார், இன்னொருவர் யோசித்து அமுக்குவார். கிண்ணியாவில் எடுத்த 11.4உம் உப்புவெளியில் எடுத்த 11.4உம் ஒன்றுதான் என்று சத்தியம் பண்ண நான் தயாரில்லை.

கச்சான் காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜூன், ஜூலையில் அது கரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற வேகத்தில் சப்பாத்தில்லாமலே சாதனை வைக்கலாம். முதுகுக்காற்று வினாடிக்கு 2 மீற்றருக்கு மேல் போனால் 100 மீற்றர் நேரம் சாதனைக்கு எடுபடாது. நீளம் பாய்தலுக்கும் அப்படித்தான். காற்றுமானி எங்களிடம் இல்லை. இலங்கைக்கு முதல் ஆசியத் தங்கத்தை 1958இல் டோக்கியோவில் வாங்கித் தந்த யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் பாய்ந்த 2.03 மீற்றருக்குக் கடிகாரமும் வேண்டாம், காற்றுமானியும் வேண்டாம். கம்பு விழுந்ததா இல்லையா, அவ்வளவுதான். உயரம் பாய்தல் கோச்மார் ஏன் எப்போதும் நிம்மதியாக இருக்கிறார்கள் என்பது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

ஆகவே நேரம் மட்டும் வைத்து ஆள் எடுப்பதை எங்கள் வரைவில் நான் சேர்க்கவில்லை. ஒரே நாள், ஒரே மைதானம், ஒரே காற்று என்றால் நேரம் பிழையாக இருந்தாலும் ஓடி வந்த வரிசை பிழைக்காது.

மூன்றாவது முறை எங்கள் தேத்தண்ணீர்க் கடை முறை. மரியாதையான பெயர் தெரிவுக்குழு. இதை எடுத்தவுடன் தள்ள முடியாது, ஏனென்றால் தெரிவாளர்கள் பல தரம் சரியாகவே பார்த்திருக்கிறார்கள். 1992இல் ஜப்பான் பெண்கள் மரதனுக்கு, வேகமான நேரம் வைத்திருந்த அகெமி மட்சுனோவை விட்டுவிட்டு, முந்தைய வருட உலகப் போட்டியில் நாலாவதாக வந்த யூகோ அரிமோரியை எடுத்தார்கள். நாடே சண்டை பிடித்தது. அரிமோரி பார்சிலோனாவில் வெள்ளி வென்றார். 2012இல் பிரித்தானியா டைக்வொண்டோவில் 80 கிலோவுக்குக் கீழ்ப் பிரிவின் உலக முதல்தர வீரர் ஆரன் குக்கை ஒதுக்கிவிட்டு லுட்டாலோ முகமட்டை எடுத்தது. முகமட் வெண்கலம் வென்றார். குக் பிறகு மால்டோவாவுக்குப் போய் அந்த நாட்டுக்காக மோதினார். பதக்கம் வந்தது, ஆள் போனது. ஒரு கழகத்தில் இருந்து ஒரு பிள்ளை கோபித்துக்கொண்டு அடுத்த கழகத்துக்குப் போவது எங்களுக்குப் புதிதில்லை. ஒன்றுக்கு மேல் பார்த்திருக்கிறோம்.

இந்தியாவின் மல்யுத்தக் கதை இதைவிடச் சிக்கல். மல்யுத்தத்தில் தகுதி பெறுவது வீரர் இல்லை, நாடு. நர்சிங் யாதவ் 2015 உலகப் போட்டியில் வெண்கலம் எடுத்து 74 கிலோ பிரிவுக்கு இந்தியாவுக்கு இடம் வாங்கினார். இரண்டு ஒலிம்பிக் பதக்கம் வைத்திருந்த சுஷில் குமார், இடம் நாட்டினது என்றால் எங்கள் இருவருக்கும் ஒரு மோதல் வையுங்கள் என்றார். கேட்டதில் நியாயம் இருந்தது. சம்மேளனம் வைக்கவில்லை, தில்லி உயர் நீதிமன்றமும் தலையிட மறுத்தது. பிறகு நர்சிங் ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டி, ரியோவில் மோதலுக்கு முதல் நாள் தடை வாங்கினார். அந்தப் பிரிவில் இந்தியாவுக்காக ஒருவரும் இறங்கவில்லை. 2023 ஆசிய விளையாட்டு விழாவுக்கு முன்னும் இதே கூத்து. வினேஷ் போகாட், பஜ்ரங் பூனியா இருவருக்கும் திறன்காண் போட்டி இல்லாமல் நேரடி இடம் கொடுத்தார்கள். அந்திம் பங்கால் நீதிமன்றம் போனார், வழக்குத் தள்ளுபடி. வினேஷ் காயத்தோடு விலக, அந்திம் ஹாங்சோ போய் வெண்கலத்தோடு திரும்பினார்.

இடம் ஆளுக்கா, ஊருக்கா என்ற இந்தக் கேள்வியை நாங்கள் முன்னமே தீர்க்க வேண்டும். போன வருடம் பதக்கம் எடுத்த பிள்ளைக்கு இந்த வருட இருக்கை தானாக வராது என்று ஒரு வரி எழுதியிருக்கிறேன். கோச்சுக்கு அது பிடிக்கவில்லை.

நெதர்லாந்து இன்னொரு வழி வைத்திருக்கிறது. சர்வதேசத் தகுதி எடுத்தாலும், முதல் எட்டுக்குள் வரக்கூடிய ஆள் என்று காட்டினால்தான் அனுப்பும். நியூசிலாந்தும் அந்த மாதிரிக் கண்டிப்புத்தான். பாரிஸுக்கு முன்னால் பிரித்தானியாவும் தரவரிசை வழியாக வந்த சில அழைப்புகளைத் தன் சொந்த அளவு எட்டவில்லை என்று திருப்பிவிட்டது. பதக்கத்துக்கு மட்டும் காசு செலவழிக்கிற நாடுகளின் முறை இது. பதினெட்டு வயதில் முதல் தடவை செயற்கைத் தடத்தில் கால் வைக்கப் போகிற பிள்ளையிடம், நீ எட்டுக்குள் வருவாயா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் அந்த "எட்டு" எனக்கு வேறு வேலைக்கு உதவியது.

எப்படியென்றால், பன்னிரண்டு இருக்கைக்கு எங்கள் நிகழ்ச்சி வெற்றியாளர்கள் பதினெட்டுப் பேர் வருவார்கள். 800 மீற்றர் பெண்ணையும் குண்டு போடும் பையனையும் எப்படி ஒப்பிடுவது? உலக மெய்வல்லுநர் சங்கத்திடம் எல்லா நிகழ்ச்சிக்கும் புள்ளி அட்டவணை இருக்கிறது, ஆனால் எங்கள் கைக் கடிகாரத்தை அதற்குள் கொண்டுபோனால் பழைய தலையிடிதான். அதைவிட இலகு: போன வருடம் அதே கொழும்புப் போட்டியில் அந்த நிகழ்ச்சியில் எட்டாவதாக வந்தவரின் பெறுபேற்றை எடுப்போம், எங்கள் ஆள் அதற்கு எத்தனை சதவீதம் கிட்ட நிற்கிறார் என்று பார்ப்போம். ஓட்டத்துக்கும் எறிதலுக்கும் சதவீதம் ஒரே மாதிரி ஏறி இறங்காது என்று கணக்கு ரீச்சர் சொன்னார். உண்மைதான். அதனால் ஓட்டம், பாய்தல், எறிதல் மூன்றையும் தனித்தனி வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் இருக்கையை முன்னமே பிரித்துவிட்டோம்: ஐந்து, இரண்டு, இரண்டு.

அஞ்சலோட்டம் பற்றிப் பெரிய வாக்குவாதம் நடந்தது. நாலு இருக்கையை ஒரே நிகழ்ச்சி சாப்பிட்டுவிடும். ஆனால் ஹாங்சோவில் இலங்கை எடுத்த ஐந்து பதக்கத்தில் இரண்டு 4x400 அஞ்சலோட்ட வெண்கலங்கள், ஆண்களுக்கு ஒன்று பெண்களுக்கு ஒன்று. தருஷி கருணாரத்னவின் 800 மீற்றர் தங்கத்தை நினைக்கிற அளவுக்கு அவற்றை ஒருவரும் நினைப்பதில்லை. ஏற்கெனவே வானில் இருக்கிற ஓட்டக்காரரில் நால்வரை வைத்து ஓடலாம், அஞ்சலோட்டத்துக்கென்று தனி இருக்கை இல்லை என்று முடித்தோம்.

இப்படி ஒன்பது இருக்கை திறன்காண் போட்டிக்கு. மிச்சம் மூன்றில் ஒன்றை வைல்ட் கார்ட் என்று வைத்திருக்கிறேன். ஒலிம்பிக்கில் தகுதி பெற ஆளில்லாத நாடுகளுக்கு மெய்வல்லுநரிலும் நீச்சலிலும் இப்படி இடம் கொடுப்பார்கள். பாரிஸுக்குப் போன இலங்கையின் ஆறு பேரில் இரண்டு நீச்சல்காரர்களும் அந்த வழியால் போனவர்கள்தான். சிட்னியில் ஈக்வடோரியல் கினியின் எரிக் மௌசம்பானி 100 மீற்றரைத் தனியாக, 1 நிமிடம் 52.72 வினாடியில், மூழ்கிவிடுவாரோ என்று பார்க்கிறவர் பயப்பட நீந்தி முடித்தது நினைவிருக்கும். சிரித்தவர்கள் உண்டு. அவர் பிறகு தன் நாட்டு நீச்சல் அணிக்கே பயிற்றுநர் ஆனார். எங்கள் வைல்ட் கார்ட், கோச் இல்லாத பாடசாலையில் இருந்து வருகிற பிள்ளைக்கு. குச்சவெளி, மூதூர், தம்பலகாமப் பக்கம் அப்படிப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மீதி இரண்டும் தெரிவுக்குழுவுக்கு. இங்கே எனக்கு உதவியது ஜப்பானின் பிந்திய முறை. பழைய சண்டைகளில் களைத்துப்போய், 2019 செப்டெம்பரில் டோக்கியோவில் ஒரே மரதன் ஓட்டம் வைத்து முதல் இருவரை நேரே எடுத்தார்கள். மூன்றாவது இடத்தைத் திறந்து விட்டார்கள்: அடுத்துக் குறித்த ஓட்டங்களில் ஆண்களில் எவராவது 2:05:49க்குள் ஓடினால் அவருக்கு, இல்லாவிட்டால் மூன்றாவதாக வந்தவருக்கு. மூன்றாவதாக வந்த சுகுரு ஒசாக்கோ தன் இடம் பறிபோகுமோ என்று காத்திருக்காமல் 2020 மார்ச்சில் தானே இறங்கி 2:05:29 ஓடினார், அப்போது அது தேசிய சாதனை. நடுவரின் விருப்பு அங்கே இருக்கவில்லை, இரண்டாவது வாய்ப்பு இருந்தது. எங்களுடைய இரண்டு இருக்கையும் அப்படித்தான்: திறன்காண் போட்டிக்கு முன்னமே வைத்தியர் துண்டு கொடுத்தவர்கள், அன்று விழுந்தவர்கள், பிழைத்தவர்கள் இரண்டு கிழமைக்குப் பிறகு மீண்டும் வந்து காட்டலாம். அதைப் பார்த்துவிட்டுத் தெரிவுக்குழு எடுக்கும், ஏன் எடுத்தது என்று மூன்று வரி எழுதி ஒட்டும்.

குழுவில் ஒருவருக்கு இதில் உடன்பாடில்லை. இரண்டு இருக்கை திறந்தால் இரண்டுக்கும் சிபாரிசு வரும், பன்னிரண்டையும் ஓடவிட்டே எடுங்கள் என்கிறார். பாதி அவர் சொல்வதும் சரிதான்.

திகதி பற்றி ஒன்று சொல்ல வேண்டும், மற்ற எல்லாவற்றையும்விட இதில்தான் பிள்ளைகள் அநியாயமாகத் தவறுகிறார்கள். காலை ஏழு மணிக்கு முதல் ஓட்டம் என்று வைத்தால் புல்மோட்டைப் பக்கத்துப் பிள்ளை இருட்டில் எழும்பி பஸ் பிடிக்க வேண்டும், மக்கெய்சர் அரங்குக்கு நடந்து வருகிற பிள்ளைக்கு அது தூக்கம் கலைகிற நேரம். நோன்பு மாதத்தில் வைத்தால் கிண்ணியாப் பிள்ளைகளுக்குப் பட்டினி ஓட்டம். சாதாரண தரப் பரீட்சைக்குக் கிட்ட வைத்தால் தாய்மார் விடமாட்டார்கள். பெரிய நாடுகள் தெரிவுக் கொள்கையைப் போட்டிக் காலம் தொடங்க முன்னமே வெளியிட்டுவிடும். நாங்கள் மூன்று மாதம் முன்னமே ஒட்டுவதாக எழுதியிருக்கிறோம். ஒன்பதரைக்கு முதல் ஓட்டம். வெயில்தான், ஆனால் எல்லோருக்கும் அதே வெயில்.

வரைவை அந்தத் தகப்பனுக்கும் காட்டினேன். கேற்றடியிலேயே நின்று முழுக்க வாசித்தார். இரண்டாம் பக்கத்தில் விரலை வைத்தார். "சேர், இந்த ரெண்டு சீட்டுக்கும் ஆர் பொறுப்பு?"

அந்தப் பந்திக்குக் கீழே மூன்று பேர் பெயர் எழுதிக் கையொப்பமிட இடம் விட்டுத் திருப்பி அச்சடித்திருக்கிறேன். முதல் கோட்டில் என் கையொப்பம் இருக்கிறது. மற்ற இருவரும் யோசித்துச் சொல்கிறோம் என்கிறார்கள்.